வாட் என்னும் அலகு

(உரைநடைப் பாடம்)

நுழையுமுன்

உங்கள் வீட்டு மின்விளக்கின் கழுத்துப் பகுதியில் பொடி எழுத்துகளில் ஏதோ அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 9 வாட் என்றோ 12 வாட் என்றோ அதில் இருக்கும். அறிவியல் வகுப்பில் அச்சொல்லை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்றிருப்பீர்கள். தேர்வில் சூத்திரமும் எழுதியிருப்பீர்கள். அதே செய்தியைத் தாய்மொழியில் எண்ணிப் பார்க்க இப்பாடம் வாய்ப்பளிக்கிறது. படிக்கும்போது தாளும் எழுதுகோலும் அருகில் இருக்கட்டும். இடையிடையே கணக்கு வரும்.

முந்நூறு ரூபாய்

சில ஆண்டுகளுக்கு முன்பு பணிமாறுதல் பெற்று மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர் நகருக்குச் சென்றேன். மாடி வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளரின் குடும்பம் வாழ்ந்தது. இரண்டு தளங்களுக்கும் சேர்த்து ஒரே மின்னளவி. மாதந்தோறும் வரும் கட்டணத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது என்பது ஏற்பாடு.

எங்களுடன் கோயம்புத்தூரில் வாங்கிய மாவரைக்கும் இயந்திரமும் வந்திருந்தது. கிரைண்டர் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். பழைய போர்வைகளில் அதனைச் சுற்றி, தொடர்வண்டி இருக்கையின் அடியில் வைத்து, இரண்டு இரவுகள் காவல் இருந்து கொண்டுசென்றோம். வாரத்தில் மூன்று நாள் மாலையில் அது அரை மணி நேரம் ஓடும். கல் உருளும் ஒலி கீழ்த்தளம்வரை கேட்கும்.

குளிர்காலம் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் மின்கட்டணம் திடீரென உயர்ந்தது. வீட்டுக்கார அம்மையார் மாடிக்கு வந்தார். அவர் சினந்து பேசவில்லை. ஆனால் உறுதியாகப் பேசினார். உங்கள் வீட்டில் கல் இயந்திரம் ஒன்று ஓடுகிறது, எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை, ஆகவே மாதம் முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும் என்றார். அவர் கூற்றில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றியது. கல் கனமானது, ஒலி பெரியது, அப்படியானால் மின்சாரமும் மிகுதியாகத்தானே செலவாகும்? இலக்கண நூற்பாக்களுக்கு உரை சொல்லத் தெரிந்த எனக்கு இந்த வினாவுக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கிரைண்டரைச் சாய்த்து, அதன் அடியில் இருந்த தகட்டைப் படித்தாள். “அம்மா, இது நூற்றைம்பது வாட்தான். குளியலறையில் இருக்கும் கீசர் இரண்டாயிரம் வாட்” என்றாள். அந்த ஒரு தொடரின் பொருள் முழுமையாக விளங்க எனக்கு அன்று மாலை முழுவதும் தேவைப்பட்டது. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

வேலை, ஆற்றல், திறன்

பேச்சு வழக்கில் இம்மூன்று சொற்களையும் நாம் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்துகிறோம். அறிவியல் தமிழில் இவை வெவ்வேறானவை. ஒரு பொருளை விசையால் நகர்த்தினால் வேலை நிகழ்கிறது. அவ்வேலையைச் செய்யத் தேவையான முதல்தான் ஆற்றல். அவ்வேலை எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பது திறன்.

பத்துக் கிலோ அரிசிப் பையை மூன்று மீட்டர் உயரமுள்ள மாடிக்குத் தூக்கிச் செல்வதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று முழுமையாக்கிக்கொண்டால், செய்த வேலை 10 × 10 × 3 = 300 ஜூல். (நூறு கிராம் எடையுள்ள சிறிய கொய்யாப்பழம் ஒன்றை ஒரு மீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ ஒரு ஜூல்.) நீங்கள் பத்து நொடியில் ஓடி ஏறினாலும், உங்கள் தாத்தா முப்பது நொடியில் மெல்ல ஏறினாலும் பைக்கு நேர்ந்தது ஒன்றுதான், வேலை 300 ஜூல்தான். ஆனால் அப்பையைத் தூக்குவதில் உங்கள் திறன் நொடிக்கு 30 ஜூல். தாத்தாவின் திறன் நொடிக்கு 10 ஜூல். இந்த ‘நொடிக்கு ஒரு ஜூல்’ என்பதற்கு இட்ட பெயர்தான் வாட். உங்கள் திறன் 30 வாட், தாத்தாவின் திறன் 10 வாட்.

பையை மட்டும் கணக்கிட்டோம். உங்கள் உடலையும் நீங்களேதான் தூக்கிச் சென்றீர்கள். உங்கள் எடை நாற்பது கிலோ என்றால் மூன்று மீட்டர் ஏற 1,200 ஜூல் வேண்டும். அதனைப் பத்து நொடியில் செய்தால் 120 வாட். ஒரு தொங்குவிசிறிக்கு ஏறத்தாழ 75 வாட் போதும். ஆகவே மாடிப்படி ஏறும் அந்தப் பத்து நொடியில் நீங்கள் ஒரு விசிறியையும் சில விளக்குகளையும் இயக்கவல்லவர். நாள் முழுவதும் அவ்வாறு ஏறிக்கொண்டே இருக்க முடியுமா என்பது வேறு வினா.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாட் என்பது வேகத்தைப் போன்றது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்பது ஊர்தியின் வேகம். அது எவ்வளவு தொலைவு சென்றது என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதுபோல இரண்டாயிரம் வாட் என்பது கீசர் மின்னாற்றலை உண்ணும் வேகம். எவ்வளவு உண்டது என்பதை அறிய எத்தனை நேரம் உண்டது என்றும் தெரிய வேண்டும். ‘நேற்று எங்கள் வீட்டில் இத்தனை கிலோவாட் செலவாயிற்று’ என்று சொல்வது, ‘நேற்று நான் மணிக்கு அறுபது கிலோமீட்டர் பயணம் செய்து முடித்தேன்’ என்று சொல்வதை ஒக்கும். நாளிதழ்களிலும் இப்பிழை அடிக்கடி வருகிறது. கண்டால் அடிக்கோடிடுங்கள்.

குதிரையும் எருதும்

ஜேம்ஸ் வாட் 1736ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்னும் ஊரில் பிறந்தவர். நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பல நூல்களில் காண்பீர்கள், அது சரியன்று. தாமஸ் நியூகாமன் அமைத்த நீராவி இயந்திரம் 1712ஆம் ஆண்டிலேயே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அவ்வியந்திரத்தின் சிறு மாதிரியைப் பழுதுபார்க்கும் பணி வாட்டிடம் வந்தது. அது நிலக்கரியை ஏன் இவ்வளவு விழுங்குகிறது என்று அவர் ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் உருளையைச் சூடாக்கிப் பின் குளிர்விப்பதில் வெப்பம் வீணாவதைக் கண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனியே ஒரு கலத்தை அமைத்தார். 1769ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இயந்திரத்தை விற்க வேண்டுமே! வாட்டும் அவருடைய பங்காளி மேத்யூ போல்டனும் முதலில் பழைய நீராவி இயந்திரங்களை வைத்திருந்தவர்களிடம், எங்கள் இயந்திரத்தால் உங்களுக்கு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் ஒரு பங்கைத் தாருங்கள் என்று கேட்டனர். ஆனால் ஆலைகள் பலவற்றில் குதிரைகளே சுற்றி வந்து உருளைகளை இயக்கின. அங்கே மிச்சமாக நிலக்கரியே இல்லை. ஓர் இயந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்பதே அந்த உரிமையாளர்கள் கேட்ட வினா. அதற்கு விடை சொல்லவே குதிரைத்திறன் என்னும் அளவு பிறந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குவது ஒரு குதிரைத்திறன் என வாட் வரையறுத்தார். நம் இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 76 கிலோகிராம் எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது. அதாவது 746 வாட்.

குதிரையை அளவுகோலாகக் கொண்ட அம்மனிதருக்குத் தம் பெயரே ஓர் அளவுகோலாகும் என்பது தெரியாது. அவர் 1819ஆம் ஆண்டு மறைந்தார். திறனின் அலகுக்கு ‘வாட்’ என்று பெயரிடலாம் என வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தது 1882ஆம் ஆண்டில்தான். 1960ஆம் ஆண்டு உருவான பன்னாட்டு அலகு முறையிலும் அப்பெயர் இடம்பெற்றது. அவருடைய குதிரையோ அம்முறையில் இடம்பெறவில்லை. ஆயினும் மோட்டார்க் கடைகளில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

உங்களுள் பலருடைய தாத்தா, பாட்டி சிற்றூர்களில் வாழ்பவர்கள். ‘ஐந்து எச்.பி. மோட்டார்’, ‘ஏழரை எச்.பி. மோட்டார்’ என்று அவர்கள் கிணற்றைப் பற்றிப் பேசும்போது கேட்டிருப்பீர்கள். அந்த எச்.பி.தான் குதிரைத்திறன். தமிழ்நாட்டில் கிணற்று நீரைக் குதிரை இறைத்ததில்லை, எருதுகளே இறைத்தன. கவலை என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். (துன்பம் என்னும் பொருளில் வரும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளற்க. சில பகுதிகளில் கமலை என்றும் சொல்வர்.) கிணற்றிலிருந்து விலகிச் செல்லும் சரிவில் எருதுகள் இரண்டு இறங்கும், கயிற்றில் கட்டிய சால் நீரோடு மேலே வரும், நீர் கொட்டியதும் எருதுகள் பின்னோக்கி நடந்து ஏறும், சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுபவர் கயிற்றின்மீது அமர்ந்து பாடியபடி காலை முழுவதும் இறைப்பார்.

சால் நூறு லிட்டர் கொள்வது என்றும், நீர்மட்டம் பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றும், ஒருமுறை இறைத்து மீள ஐம்பது நொடி ஆகிறது என்றும் கொள்வோம். வேலை 100 × 10 × 10 = 10,000 ஜூல். ஐம்பது நொடியில் பத்தாயிரம் ஜூல் என்றால் 200 வாட். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் திறன் 3,730 வாட். குழாயிலும் மோட்டாரிலும் வீணாவதை விட்டுவிட்டால், ஏறத்தாழப் பத்தொன்பது இணை எருதுகள் ஒரே கிணற்றைச் சுற்றி நின்று இறைப்பதற்கு அது நிகர். உங்கள் தாத்தாவிடம் தொலைபேசியில் கேளுங்கள்: சால் எவ்வளவு கொண்டது, கிணறு எத்தனை ஆழம், ஒரு சால் இறைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று. அவர் சொல்லும் எண்களை வைத்து இக்கணக்கைத் திருத்துங்கள். அவர் ஊர்க் கணக்கே சரியான கணக்கு.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கி வந்து நூற்பாலைகளையும் கிணற்று மோட்டார்களையும் இயக்கியது. மோட்டார் செய்யும் பட்டறைகள் அந்நகரில் பெருகின. ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டும் தொழிலும் அந்நகரிலேயே தழைத்தது. இன்று கோயம்புத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் போர்வைக்குள் இருந்தது அந்த மரபில் வந்த ஒன்று.

சொல் எப்படி முடிகிறது?

இது மொழிப்பாடம் ஆதலால் வாட் என்னும் சொல்லையும் சிறிது கவனிப்போம். க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் தமிழ்ச்சொல்லின் இறுதியில் வருவதில்லை. ஆகவேதான் நம் நாக்கு ‘வாட்டு’, ‘கரண்டு’, ‘கேட்டு’ என்று ஓர் உகரத்தைத் தானே சேர்த்துக்கொள்கிறது. எழுத்தில் ‘வாட்’ என்றே எழுதினாலும் வேற்றுமை உருபு சேரும்போது அந்த இயல்பு வெளிப்படுகிறது: வாட்டை, வாட்டில், வாட்டுக்கு. ‘வாடை’ என்று எழுதினால் அது குளிர்காற்றாகிவிடும். ‘வாட்டு’ என்று தனியே நின்றால் அனலில் காய்ச்சு, வருத்து என்று பொருள். மின்கட்டணச் சீட்டு வரும் நாளில் அப்பொருளும் பொருந்தும்.

இன்னொரு வேடிக்கை. மின்சாரம் நின்றுவிட்டால் தமிழ்நாட்டில் ‘கரண்டு போய்விட்டது’ என்பர். நீங்கள் வாழும் வடமாநிலங்களில் ‘லைட் சலி கயீ’ என்பர், அதாவது விளக்கு போய்விட்டது. இரண்டு வழக்குகளும் இலக்கணத்துக்கு அடங்காதவை. இரண்டும் எல்லோருக்கும் விளங்குபவை.

யூனிட் என்பது என்ன?

மின்கட்டணச் சீட்டில் வாட் என்ற சொல்லைவிட யூனிட் என்ற சொல்லே மிகுதியாக வரும். ஆயிரம் வாட் திறனுள்ள கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு யூனிட். இதன் முழுப்பெயர் கிலோவாட்-மணி. ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. ஆகவே ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல். சீட்டை உற்றுப் பாருங்கள்: ஓரிடத்தில் கிலோவாட் என்றும் வேறோரிடத்தில் கிலோவாட்-மணி என்றும் இருக்கும். முன்னது உங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு திறன் எடுக்கலாம் என்னும் வரம்பு. பின்னது நீங்கள் உண்மையில் செலவிட்டது.

பழைய இழைவிளக்கு அறுபது வாட் எடுத்துத் தந்த வெளிச்சத்தை இன்றைய எல்.இ.டி. விளக்கு ஒன்பது வாட்டில் தந்துவிடுகிறது. ஒரு யூனிட்டில் அந்த அறுபது வாட் விளக்கு பதினாறரை மணி நேரம் எரியும். ஒன்பது வாட் விளக்கு நூற்றுப்பதினொரு மணி நேரம் எரியும். எழுபத்தைந்து வாட் விசிறி பதின்மூன்று மணி நேரம் சுழலும். கைப்பேசியை நாற்பது முறைக்குக் குறையாமல் மின்னேற்றம் செய்யலாம். கீசரோ அரை மணி நேரத்தில் அதனை முடித்துவிடும்.

குளிர்சாதனப் பெட்டியின் கணக்கு சற்று வேறானது. அது நாள் முழுவதும் இணைப்பில் இருந்தாலும் அதன் அழுத்தி விட்டு விட்டே இயங்கும். ஆகவே தகட்டில் உள்ள வாட்டை இருபத்துநான்கால் பெருக்கினால் விடை தவறாகும். அதன் கதவில் ஒட்டப்பட்டுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் கொள்க.

ஊரில் உள்ள உறவினர் வீட்டுக் கட்டணத்தோடு உங்கள் வீட்டுக் கட்டணத்தை ஒப்பிடும்போதும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பர். முதல் நூறு யூனிட்டுக்குக் கட்டணமும் இல்லை. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் மாதந்தோறும் சீட்டு வரலாம். விலைப்படிகளும் வேறாக இருக்கும். ரூபாயை ஒப்பிடாமல் யூனிட்டை ஒப்பிடுக.

சிவப்பு விளக்கின் முன்

இனி ஜபல்பூருக்குத் திரும்புவோம். என் மகள் தாளில் இப்படி எழுதினாள். கிரைண்டர் 150 வாட், ஒருநாளைக்கு அரை மணி நேரம், ஆகவே 0.075 யூனிட். மாதத்துக்குப் பதின்மூன்று நாள் ஓடினால் ஏறத்தாழ ஒரே ஒரு யூனிட். ஒரு யூனிட் ஏழு ரூபாய் என்று கொண்டால் ஏழு ரூபாய். எங்களிடம் கேட்கப்பட்டதோ முந்நூறு.

கணக்கு சரி. ஆனால் அடுத்த வீட்டாரிடம் தாளை நீட்டி, நீங்கள் தவறு என்று சொன்னால் யார் ஏற்பார்? அதுவும் என் இந்தியில்! ஆகவே மறுநாள் மாலை வீட்டுக்கார அம்மையாரை மாடிப்படியின் கீழ் இருந்த மின்னளவியின் அருகே அழைத்தோம். அதில் சிவப்பு நிறச் சிறு விளக்கு ஒன்று விட்டு விட்டு மின்னும். 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அளவியின் முகப்பிலேயே பொறித்திருந்தது. இரண்டு தளங்களிலும் எல்லாவற்றையும் நிறுத்தினோம். சிவப்பு விளக்கு அடங்கியது. மாடியில் என் மகள் கிரைண்டரை இயக்கினாள். கல் உருளும் ஒலி கேட்டது. நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். ஒரு நிமிடத்தில் எட்டு முறை மின்னியது.

பிறகு கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கீசரைப் போட்டாள். ஒலி எதுவும் இல்லை. ஆனால் சிவப்பு விளக்கு துடித்த துடிப்பை எங்களால் எண்ணவே முடியவில்லை. கணக்குப்படி நிமிடத்துக்கு நூற்றாறு முறைக்கு மேல். அம்மையார் இரண்டு முறை எண்ணத் தொடங்கி இரண்டு முறையும் விட்டுவிட்டார். பின்னர்த் தம் வீட்டுக்குள் சென்று தம் கீசரையும் தாமே போட்டுப் பார்த்தார். அதுவும் அவ்வாறே.

உண்மையைச் சொல்ல வேண்டும். குற்றம் எங்கள் பக்கமும் இருந்தது. விடியற்காலையில் கீசரைப் போட்டால் நான் பள்ளிக்குக் கிளம்பும்வரை அதனை நிறுத்துவதே இல்லை. நீர் சூடானதும் அது தானாக நின்றுவிடும் என்றாலும், ஒவ்வொருவர் குளித்த பிறகும் குளிர்ந்த நீர் உள்ளே வந்து மீண்டும் எரியத் தொடங்கும். என் மகள் ஒருவாரம் அதன் குமிழ் விளக்கு எரியும் நேரத்தைக் குறித்துவைத்தாள். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வந்தது. மூன்று யூனிட், மாதத்துக்குத் தொண்ணூறு. கிரைண்டர் ஒன்று, கீசர் தொண்ணூறு.

வீட்டுக்கார அம்மையார் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த மாதப் பங்கைக் கொடுக்கச் சென்றபோது முந்நூறு ரூபாயைத் திருப்பி என் கையில் வைத்தார். அடுத்த மாதம் இரண்டு தளங்களிலும் கீசர் எரியும் நேரம் குறைந்தது. கிரைண்டர் வழக்கம்போல் ஓடியது.

சுவரில் உள்ள துளைகள்

வாட்டை அறிவதால் பணம் மட்டுமன்றி உயிரும் காக்கப்படும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். சுவரில் உள்ள சிறிய பொருத்துவாய் ஆறு ஆம்பியர் தாங்கும்; ஆகவே 230 × 6 = 1,380 வாட்வரை அதில் எடுக்கலாம். பெரிய பொருத்துவாய் பதினாறு ஆம்பியர் தாங்கும், 3,680 வாட். ஆயிரம் வாட் சலவைப்பெட்டிக்குச் சிறியது போதும். கீசருக்குப் போதாது. குளிர்காலத்தில் வாளியில் இட்டு நீரைச் சூடாக்கும் கம்பி பெரும்பாலும் 1,500 வாட். அதற்கும் சிறிய பொருத்துவாய் போதாது. நீட்டிப்புக் கம்பியில் அதனைச் செருகி, அதே கம்பியில் வேறு கருவிகளையும் செருகினால் கம்பி சூடேறும், உறை உருகும், தீப்பிடிக்கும். நீர் சூடாகும் வாளியில் கைவிட்டுப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. முதலில் இணைப்பைத் துண்டித்துப் பொருத்தூசியை எடுத்துவிட்டு, பிறகே நீரைத் தொட வேண்டும். இதனை உங்கள் தம்பி தங்கையர்க்கு நீங்களே சொல்லுங்கள்.

பேரளவு

ஆயிரம் வாட் ஒரு கிலோவாட். பத்து இலட்சம் வாட் ஒரு மெகாவாட். விடுமுறைக்கு நீங்கள் ஊர் செல்லும் நெடுந்தொலைவு விரைவு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்பொறியின் திறன் ஆறாயிரம் குதிரைத்திறனுக்கு மேல். ஆறாயிரம் என்றே கொண்டாலும் 4,476 கிலோவாட். எங்கள் கிரைண்டர்கள் ஏறத்தாழ முப்பதாயிரம் ஒருசேர ஓடுவதற்கு அது ஈடு. கூடங்குளத்தில் இப்போது இயங்கும் இரண்டு அணு உலைகள் ஒவ்வொன்றும் ஆயிரம் மெகாவாட். மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி மாவட்டத்தில் உள்ள விந்தியாச்சல் அனல்மின் நிலையம் 4,760 மெகாவாட். ஆயிரம் மெகாவாட் உலை ஒன்று ஒரு மணி நேரம் முழுத்திறனில் இயங்கினால் பத்து இலட்சம் யூனிட் கிடைக்கும்.

இவ்வளவு பெரிய எண்களுக்கு நடுவில் நம் உடல் எங்கே நிற்கிறது? ஒருநாள் உணவில் 2,000 கிலோகலோரி உண்பவர் ஏறத்தாழ 84 இலட்சம் ஜூல் பெறுகிறார். ஒருநாளின் 86,400 நொடிகளால் அதனை வகுத்தால் 97 வாட். மனிதர் ஒருவர் உண்டு, உறங்கி, படித்து, விளையாடி வாழ்வதற்கு ஆகும் திறன் பழைய காலத்து நூறு வாட் விளக்கு ஒன்றின் அளவே.

சொற்பொருள்

திறன் – வேலை நிகழும் வீதம். அலகு – அளவைக் குறிக்கும் அடிப்படைக் கூறு (பறவையின் மூக்கையும் குறிக்கும்). மின்னளவி – மின்னாற்றல் செலவை அளக்கும் கருவி. மின்பளு – ஒரே நேரத்தில் எடுக்கும் மொத்தத் திறன். சால் – நீர் இறைக்கும் கலம். இணை – சோடி.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: மின்னாற்றல், மின்னளவி, மின்னோட்டம். இம்மூன்றிலும் னகரம் இரட்டித்ததற்குரிய விதியை எழுதுக.

2. ‘குதிரைத்திறன்’ என்பதை விரித்து எழுதி, அது எவ்வகைத் தொகை எனக் குறிப்பிடுக.

3. பிழை நீக்கி எழுதுக: ‘எங்கள் வீட்டில் சென்ற மாதம் நூற்றுப்பத்துக் கிலோவாட் மின்சாரம் செலவானது.’

4. 750 வாட் மிக்சி நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஓடினால் முப்பது நாளில் எத்தனை யூனிட் செலவாகும்?

5. உங்கள் வீட்டுக் கருவிகள் ஐந்தின் தகடுகளைப் படித்து, வாட்டையும் ஒருநாள் ஓடும் நேரத்தையும் எழுதி, மாதச் செலவைக் கணக்கிடுக. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்க. உங்கள் கணக்கைத் தாயிடமோ பாட்டியிடமோ தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் கேட்ட வினாக்களை ஏட்டில் எழுதி வருக.